நுரையீரலுக்காகக் காத்திருப்பவர்கள்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், அதன்பின் எவ்வளவு காலம் வாழலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் வருகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 52. நுரையீரலில் தழும்பு படர்ந்து இறுகிப்போகும் நோய் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். இனி நுரையீரல் மாற்றுவதுதான் வழி என்று சொல்லிவிட்டதால் இரண்டு மருத்துவமனைகளில் விசாரித்தோம். முதல் இடத்தில், “எங்களிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஓராண்டைத் தாண்டிவிட்டார்கள், காத்திருப்பும் குறைவு” என்றார்கள். அடுத்த இடத்தில் அந்த விகிதம் சற்றே குறைவு. காத்திருப்புக் காலத்தையும் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார்கள். முதல் மருத்துவமனையையே தேர்ந்தெடுக்கலாமா, டாக்டர்?

பதில்: அவசரப்பட வேண்டாம். “பத்துக்கு ஒன்பது” என்றால் மொத்தம் எத்தனை பேரில் என்பதை முதலில் கேளுங்கள். இதுவரை பத்தே பேருக்குச் செய்து ஒன்பது பேர் பிழைத்திருந்தாலும் 90 சதவீதம்தான்; நூறு பேருக்குச் செய்து தொண்ணூறு பேர் பிழைத்திருந்தாலும் 90 சதவீதம்தான். ஆனால் பத்துப் பேரை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது, அந்த மருத்துவமனையின் உண்மையான திறன் 55 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்கிறது. பதினோராவது நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் அந்தப் பெருமைக்குரிய எண் ஒரே நாளில் 82-க்கு இறங்கிவிடும். நூறு பேரில் 88 பேர் பிழைத்த இடத்தில் அந்த ஊசலாட்டம் ஏறத்தாழ 80-க்கும் 93-க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. குறைவாகத் தெரியும் இந்த எண்ணில்தான் நாம் அதிகம் சாய்ந்துகொள்ள முடியும்.

இரண்டாவதாக, அந்த ஒன்பது பேர் எப்படிப்பட்ட நோயாளிகள் என்று கேளுங்கள். வயது குறைந்தவர்களையும், நடந்து வரும் நிலையில் இருப்பவர்களையும், வேறு நோய் இல்லாதவர்களையும் மட்டுமே தேர்ந்து எடுத்தால் எந்தக் குழுவின் முடிவும் அழகாகத்தான் இருக்கும். மற்ற இடங்களில் மறுக்கப்பட்டவர்களையும், உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியின் துணையோடு படுக்கையில் கிடப்பவர்களையும் ஏற்றுக்கொள்ளும் குழுவின் எண் சற்றுக் கீழே இருப்பது இயல்பு; அதைத் திறமைக் குறைவு என்று நான் எண்ண மாட்டேன். இதனால்தான் முறையாகக் கணக்கு வைக்கும் நாடுகளில் வெறும் சதவீதத்தை வெளியிடாமல், “இந்த நோயாளிகளின் நிலைக்கு எத்தனை பேர் பிழைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம், உண்மையில் எத்தனை பேர் பிழைத்தார்கள்” என்று இரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்.ஆர்.டி.ஆர். என்னும் பதிவேடு ஒவ்வொரு மையத்துக்கும் இந்த ஒப்பீட்டை ஆண்டுக்கு இருமுறை பொதுவில் வெளியிடுகிறது. உங்களுக்கு அப்படி ஓர் ஆவணம் கிடைக்காவிட்டாலும், இந்தக் கேள்வியை மருத்துவரிடம் நேரில் கேட்கலாம். நல்ல குழு அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது “காத்திருப்பும் குறைவு” என்ற சொற்கள்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். இது புரிவதற்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம் மட்டுமே. ஒரு மருத்துவமனையின் பட்டியலில் இருபது பேர் பதிகிறார்கள். எட்டுப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நுரையீரல் கிடைக்கிறது. ஐந்து பேர் காத்திருக்கும்போதே இறந்துவிடுகிறார்கள். மூன்று பேர் அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத அளவுக்கு நலிந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். நான்கு பேர் ஓராண்டு கழிந்தும் காத்திருக்கிறார்கள். இப்போது “எங்களிடம் சராசரிக் காத்திருப்பு மூன்று மாதத்துக்கும் குறைவு” என்று அந்த மருத்துவமனை சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை, ஏனென்றால் நுரையீரல் கிடைத்த எட்டுப் பேரின் காத்திருப்பை மட்டுமே கூட்டி வகுத்திருக்கிறார்கள். மற்ற பன்னிரண்டு பேர் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பிழைப்பு விகிதத்திலும் அவர்கள் இல்லை. அந்தக் கணக்கு அறுவை அரங்கில்தான் தொடங்குகிறது.

எனவே இரு மருத்துவமனைகளிலும் ஒரே கேள்வியை, ஒரே சொற்களில் கேளுங்கள்: “கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பட்டியலில் பதிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஓராண்டுக்குள் உறுப்பு பெற்றவர்கள், காத்திருக்கும்போது இறந்தவர்கள், நீக்கப்பட்டவர்கள், இன்னும் காத்திருப்பவர்கள் எத்தனை எத்தனை பேர்?” உங்கள் அண்ணனின் பயணம் பதிவு செய்யும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கணக்கும் அன்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

காத்திருப்புக் காலத்தை உறுதியாகச் சொல்ல மறுத்ததற்காக இரண்டாவது மருத்துவமனையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கொடையாளர் எப்போது அமைவார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலும், உங்கள் அண்ணனுக்கு உள்ள நோயில் காத்திருப்பு என்பதன் பொருளே வேறு. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ள ஒருவர் பல மாதங்கள் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கக்கூடும். தழும்பு நோய் அப்படியன்று. மெல்லத்தான் இறங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சில நாட்களில் திடீரென்று மோசமாகிவிடும். அத்தகைய திடீர்ச் சரிவுக்குப் பின் நோயாளிகளில் பாதிப் பேர் நான்கு மாதங்கள்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே எந்த மருத்துவமனை என்பதைத் தீர்மானிக்க நீங்கள் எடுத்துக்கொள்ளும் நாட்களும் காத்திருப்புக் காலத்தில் சேர்த்தியே. மதிப்பீட்டுப் பரிசோதனைகளை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பரிசோதனைக்குச் செல்வது வேறு, பட்டியலில் பதிவது வேறு. முதலாவதைச் செய்ததால் இரண்டாவதற்கு நீங்கள் கட்டுப்பட்டுவிடுவதில்லை.

கேள்வி: என் மனைவி பட்டியலில் பதிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவருக்குப் பின்னால் பதிந்த இரண்டு பேருக்கு அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கேட்டால், “பொருத்தமாக அமையவில்லை” என்று ஒற்றை வரியில் பதில் சொல்கிறார்கள். அவருடைய ரத்தப் பிரிவு ஓ. உயரம் நான்கடி பத்து அங்குலம். ஏதேனும் முறைகேடு நடக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மனவேதனை புரிகிறது, அந்த ஒற்றை வரிப் பதில் போதாது என்பதிலும் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் விளக்கத்தின் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓ பிரிவு ரத்தம் உள்ளவர் ஓ பிரிவு கொடையாளரின் உறுப்பை மட்டுமே பெற முடியும். ஓ பிரிவுக் கொடையாளரின் உறுப்பையோ எந்தப் பிரிவினருக்கும் பொருத்தலாம். அவருக்குரிய உறுப்புகளுக்குப் போட்டி அதிகம், மற்ற உறுப்புகளில் அவருக்குப் பங்கே இல்லை.

அடுத்தது உயரம். நுரையீரலின் கொள்ளளவு பெரும்பாலும் உயரத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. ஆறடி உயரமுள்ள ஆணின் நுரையீரலை உங்கள் மனைவியின் மார்புக்கூட்டுக்குள் வைத்தால் அது முழுதாக விரிய இடமிருக்காது. மடிந்து சுருங்கிய பகுதிகளில் சளி தேங்கித் தொற்று வரும். சில நேரங்களில் ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்துகிறார்கள், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தழும்பு நோயில் மார்புக்கூடும் சேர்ந்து சுருங்கிவிடுவதால் இடம் இன்னும் குறைகிறது. உயரம் குறைந்த பெண்கள் நுரையீரலுக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்வது உலகெங்கும் பதிவாகியுள்ள உண்மை.

நீங்கள் எழுதாத மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். கருவுற்றிருந்தபோதோ, ரத்தம் ஏற்றியபோதோ, பிறருடைய திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகியிருக்கக்கூடும். அவை மிகுதியாக இருந்தால், ரத்தப் பிரிவும் அளவும் ஒத்துவந்த கொடையாளரின் உறுப்பையும் உடல் உடனே தாக்கிவிடும் என்பதால் ஒதுக்க வேண்டியிருக்கும். இதற்கான ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பதிந்தவர் முன்னால் பெறுவது சில நாடுகளில் விதியாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுக்கு முன் முதலில் பதிந்தவருக்கு முதலில் என்பதே நடைமுறையாக இருந்தது. அதனால் நோய் முற்றுவதற்கு முன்பே இடம் பிடித்துவைக்கும் நோக்கத்தில் பலர் பதிந்தார்கள். உண்மையில் மூச்சுக்குத் திணறியவர்கள் வரிசையின் கடைசியில் நின்று இறந்தார்கள். 2005 மே மாதத்தில், உறுப்பு கிடைக்காவிட்டால் ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு, கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை வந்தது. ஜெர்மனியும் 2011-இல் அதைப் பின்பற்றியது. 2023 மார்ச்சில் அமெரிக்கா அதையும் மாற்றி, அவசர நிலையோடும் பிழைப்பு வாய்ப்போடும் ரத்தப் பிரிவு, உயரம், எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றால் பின்தங்குவோருக்கும் மதிப்பெண் கொடுக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது. அதிலும் ஓ பிரிவினர் பின்தங்குவது தெரிந்ததும் அதே ஆண்டிலேயே திருத்தினார்கள். உங்கள் மனைவியைப் போன்றவர்களின் குறை கற்பனையன்று என்பதற்கு விதிகளே சாட்சி.

இருந்தாலும் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: “இந்தப் பதினான்கு மாதங்களில் என் மனைவிக்கென்று எத்தனை முறை நுரையீரல் முன்வந்தது, ஒவ்வொன்றும் ஏன் மறுக்கப்பட்டது?” ஒருமுறையும் வரவில்லை என்றால் காரணம் மேலே சொன்னவை. பலமுறை வந்து ஒவ்வொரு முறையும் மருத்துவக் குழு மறுத்திருந்தால், அக்குழு அளவுக்கு மீறித் தயங்குகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடையாளரின் வயது சற்றுக் கூடினாலோ, எக்ஸ்ரேயில் சிறு நிழல் தெரிந்தாலோ ஒரு குழு மறுக்கும். மற்றொரு குழு நேரில் சென்று பார்த்துவிட்டு ஏற்கும். ஒரே நாட்டின் இரு மையங்களில் காத்திருப்புக் காலம் வெகுவாக வேறுபடுவதற்கு இந்த மனப்போக்கும் ஒரு காரணம். தன் பிழைப்பு விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக உறுப்புகளை மறுத்துக்கொண்டே இருக்கும் குழு, பட்டியலில் இருப்பவரின் ஆயுளைச் செலவிட்டுத்தான் அதைச் செய்கிறது.

கேள்வி: இரவு ஒரு மணிக்கு அழைத்து, “உடனே வாருங்கள், நுரையீரல் கிடைத்திருக்கிறது” என்றார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்து, உடம்பைச் சுத்தம் செய்து, அறுவை அரங்கின் வாசல் வரை கொண்டுபோய்விட்டு, விடியற்காலையில் “சரியில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். முதலிலேயே பார்த்துவிட்டு அழைக்கக்கூடாதா?

பதில்: முடியாது என்பதுதான் பதில், அதற்குக் காரணம் கடிகாரம். கொடையாளரின் உடலிலிருந்து எடுத்துக் குளிர வைத்த நுரையீரலை வழக்கமான முறையில் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகு உங்கள் தந்தையை வீட்டிலிருந்து அழைத்தால் நேரம் போதாது.

மறுமுனையில் நடப்பதைச் சொல்கிறேன். கொடையாளருக்கு முழு ஆக்சிஜனைக் கொடுத்து, ரத்தத்தில் அது எவ்வளவு சேர்கிறது என்று அளப்பார்கள். பாதரச அளவில் 300 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நம்பிக்கை பிறக்கும். பிறகு மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டுச் சீழோ, உள்ளே போன உணவுத் துணுக்கோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடைசிச் சோதனை மார்பைத் திறந்த பிறகுதான். அறுவை மருத்துவர் நுரையீரலைக் கையில் ஏந்தி, மடல் மடலாக விரல்களால் தடவிப் பார்ப்பார். பிறகு மூச்சுக் கருவியைச் சில நொடிகள் கழற்றச் சொல்வார். நல்ல நுரையீரல் காற்றுப் போன பலூனைப் போல உடனே சுருங்கிவிடும். நீர் கோத்ததோ உள்ளே நோயுள்ளதோ சுருங்காமல் கனத்து நிற்கும். அந்தச் சில நொடிகளில் அவர் தொலைபேசியில் சொல்லும் ஒரு சொல்லுக்காகத்தான் உங்கள் தந்தை அரங்கின் வாசலில் காத்திருந்தார்.

மூளைச்சாவு அடைந்த கொடையாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் நுரையீரல்தான் பயன்படும் நிலையில் இருக்கிறது. தலையில் அடிபட்டதாலும், வென்டிலேட்டராலும், தொற்றாலும் உறுப்புகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் நுரையீரலே. சந்தேகத்துக்குரிய நுரையீரலை உடலுக்கு வெளியே வெதுவெதுப்பான நிலையில் வைத்து, திரவத்தையும் காற்றையும் செலுத்திச் சில மணி நேரம் இயக்கிப் பார்த்து முடிவெடுக்கும் முறையை டொராண்டோ மருத்துவர்கள் மேம்படுத்தி, 2011-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கருவி உள்ள மையங்களில் முன்பு ஒதுக்கப்பட்ட நுரையீரல்கள் சில இப்போது பயன்படுகின்றன. உங்கள் மருத்துவமனையில் அது உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் தந்தையிடம் இதைச் சொல்லுங்கள்: அன்று அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவவில்லை, கெட்ட நுரையீரல் ஒன்று அவர் மார்புக்குள் போகாமல் தடுக்கப்பட்டது. பட்டியலில் அவருடைய இடமும் அப்படியே இருக்கிறது. இரண்டு, மூன்று முறை இப்படித் திரும்பிப்போய்ப் பிறகு உறுப்பு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அடுத்த அழைப்புக்கும் பெட்டி தயாராக இருக்கட்டும்.

கேள்வி: நுரையீரல் மாற்றினால் ஆறு ஆண்டுகள்தான் என்று எங்கோ படித்தேன். எனக்கு வயது 44. ஆறு ஆண்டுகளுக்காக இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையா?

பதில்: நீங்கள் படித்த எண் தவறன்று, படித்த விதம்தான் தவறு. பன்னாட்டுப் பதிவேட்டில், 2010-க்குப் பின் நுரையீரல் மாற்றிக்கொண்ட பெரியவர்களின் இடைநிலைப் பிழைப்புக் காலம் 6.7 ஆண்டுகள். இடைநிலை என்றால், அந்த நாளில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள்; அன்றோடு எல்லோர் கணக்கும் முடிகிறது என்று பொருளன்று. அந்தப் பாதியில் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாண்டியவர்களும் அடக்கம். முதல் ஆண்டில்தான் ஆபத்து அதிகம் என்பதால், அதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த இடைநிலை ஒன்பது ஆண்டுகளை நெருங்குகிறது.

மற்ற உறுப்புகளைவிட இது குறைவு என்பதை நான் மறைக்க மாட்டேன். சிறுநீரகமும் கல்லீரலும் உடலுக்குள் மூடி வைக்கப்பட்டவை. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகின் தூசியையும் கிருமியையும் சந்திக்கிறது. எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடலில் அந்தச் சந்திப்பு ஓயாமல் நடக்கிறது. அதோடு, புதிய உறுப்பை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும் நாள்பட்ட நிராகரிப்பு என்னும் சிக்கலும் உண்டு; சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி மெல்ல அடைபடும் இந்த நிலை ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வருகிறது. இதை முழுமையாகத் திருப்பும் மருந்து இன்னும் வரவில்லை. இந்தத் துறையில் இன்று எங்களுக்கு முட்டுக்கட்டையாக நிற்பது இதுதான்.

ஆனால் எங்கிருந்து வந்தோம் என்பதையும் பாருங்கள். 1963 ஜூனில் ஜேம்ஸ் ஹார்டி என்ற மருத்துவர் மிசிசிப்பியில் முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் பலர் முயன்றும், பொருத்திய இடத்தில் மூச்சுக்குழாய் ஆறாமல் பிரிந்துபோனதாலும் நிராகரிப்பாலும் நோயாளிகள் நிலைக்கவில்லை. நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின், 1983-இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பரின் குழு செய்த ஒற்றை நுரையீரல் மாற்றுதான் நோயாளி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த முதல் வெற்றி. 1990-களில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இடைநிலை ஐந்து ஆண்டுகளைத் தொடவில்லை.

உங்களுக்கான கேள்வி “ஆறு ஆண்டுகள் போதுமா” என்பதன்று. அறுவை சிகிச்சை இல்லாமல் உங்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது, அதை எந்த நிலையில் கழிப்பீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறுவை சிகிச்சை இல்லாமலேயே நெடுநாள் வாழக்கூடிய நிலையில் இருந்தால், இப்போது பதிய வேண்டாம் என்று அவரே சொல்வார், சொல்லவும் வேண்டும்.

கேள்வி: அம்மா பட்டியலில் இருக்கிறார். காத்திருக்கும் நாட்களில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

பதில்: நிறைய உண்டு. அம்மாவை நடக்க வையுங்கள், ஆக்சிஜனோடுதான். மூச்சு வாங்குகிறதே என்று நாற்காலியிலேயே உட்கார வைத்தால் தொடைத் தசைகள் சில வாரங்களில் கரைந்துவிடும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பது அவர் அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்பதை முடிவு செய்யும் முக்கிய அளவுகளுள் ஒன்று. ஆறு நிமிட நடைக்காக அளந்து கோடு போட்ட தாழ்வாரத்தில், முதல் மாதம் பாதியில் சுவரைப் பிடித்து நின்றுவிட்ட ஓர் அம்மையார், அடுத்த மாதம் நிற்காமல் முடித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. நுரையீரல் அதே நுரையீரல்தான். கால்கள்தான் தேறியிருந்தன.

எடை மிகவும் குறையவும் கூடாது, ஏறவும் கூடாது. தடுப்பூசிகளையும் பல் சிகிச்சையையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஆக்சிஜன் தேவை கூடினாலோ, வேறு எங்காவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ, உறுப்பு மாற்று மையத்துக்கு அன்றே தெரிவியுங்கள். நிலை மோசமானதை அறியாவிட்டால் அவருடைய முன்னுரிமையை அவர்களால் உயர்த்த முடியாது. பல குடும்பங்கள் நடுவில் பட்ட பாட்டை அடுத்த மாதச் சந்திப்பில்தான் சொல்கிறார்கள், அதற்குள் நாட்கள் போய்விடுகின்றன.

கேள்வி: தம்பிக்கு இரட்டை நுரையீரல் மாற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன. நன்றாக இருக்கிறான். வீட்டில் தினமும் ஊதிப் பார்க்கும் கருவியில் மூன்று நாட்களாக அளவு கொஞ்சம் குறைகிறது. வேறு தொந்தரவு இல்லை. அடுத்த சந்திப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அழைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். தம்பியின் வழக்கமான அளவிலிருந்து 10 சதவீதம் குறைந்து இரண்டு, மூன்று நாட்கள் அப்படியே நின்றால், இருமலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் அது தொற்றாகவோ நிராகரிப்பின் தொடக்கமாகவோ இருக்கலாம். அதை நிச்சயிக்க மூச்சுக்குழாய்க்குள் கேமரா செலுத்திச் சிறு திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். தொடக்கத்தில் பிடித்தால் சிகிச்சைக்கு இடமுண்டு. மருத்துவமனைக்குப் போகும் நாளில் நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காலையில் போடாமல் கையில் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவை அடுத்த வேளை மாத்திரைக்கு முன்புதான் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்து முடித்தவுடன் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.